சட்டம் ஒன்று, இருக்கை இரண்டு

அம்மாவுக்கு வலது முட்டியை மாற்றிய பிறகுதான் எங்கள் வீட்டில் அவர் உட்காரத் தக்க நாற்காலி ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. சோபா மிகவும் தாழ்வு. சாப்பாட்டு மேசை நாற்காலிகளுக்குக் கை கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியின் கைகளை ஊன்றி எழப் பார்த்தபோது அவை இரண்டு பக்கமும் விரிந்துகொடுத்தன. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "உயரமான சீட்டு வேணும், கெட்டியான கை வேணும். படுத்தே இருந்தாங்கன்னா முட்டி இறுகிடும். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

அம்மா படுத்தேதான் இருந்தார். வீட்டின் முன்னறையை அவர் இன்றும் சலோன் என்றுதான் சொல்வார். அவருடைய பகல் முழுவதும் அங்கேதான் கழியும். மீன்காரம்மாவுடன் ஜன்னல் வழியாக வாக்குவாதம், பக்கத்து வீட்டுக்காரர்களுடன் ஜெபமாலை, தொலைக்காட்சி எல்லாம் அங்கே. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் பின்னறைக் கட்டிலை விட்டு வரவில்லை. யாராவது பார்க்க வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். எழுபத்தெட்டு வயதில் அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அப்போதுதான்.

நாற்காலியைப் பற்றி முதலில் பேசியவரும் அவரே. "கருவடிக்குப்பத்துல தம்பி வீட்டுல எங்கப்பாவோட ஃபொத்தேய் கெடக்குது. அது உயரமா இருக்கும். அத எடுத்துகினு வந்து ரிப்பேர் பண்ணு" என்றார். ஃபொத்தேய் என்பது கை வைத்த, மெத்தை போட்ட நாற்காலி. பிரெஞ்சுக்காரர் வைத்துவிட்டுப் போன சொற்களில் எங்கள் வீட்டில் மிஞ்சிய ஏழெட்டில் அது ஒன்று.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மாடிப்படிக்கு அடியிலிருந்து அதை இழுத்து வெளியே போட்டார். ஈட்டி மரம். முன்கால்கள் கடைந்தவை, பின்கால்கள் லேசாகப் பின்னே வளைந்தவை. இரண்டு கைகளும் முனையில் சுருண்டு முடிந்தன. இருக்கையில் பழுப்பு ரெக்சின் பிளந்து, உள்ளிருந்து கருப்பாக ஏதோ எட்டிப்பார்த்தது. இடது கையின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. நான் கைப்பேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த பழக்கம். பார்த்ததைப் படமாக வைத்துக்கொண்டால்தான் பிறகு நம்ப முடிகிறது.

ஆட்டோவில் ஏற்றும்போது மாமா கேட்டார்: "அக்கா தெரிஞ்சுதான் கேக்குறாங்களா?"

"என்ன மாமா?"

"இதுலதானே அப்பாவ உக்கார வச்சது."

விஷயம் இதுதான். என் அம்மாவின் அப்பா இறந்தபோது அம்மாவுக்கு எட்டு வயது, மாமாவுக்கு நாலு. இறந்தவரின் அண்ணன் சைகோனில் வேலையில் இருந்தார். கப்பலேறி வந்து முகம் பார்க்க வழியில்லை. எனவே அந்த நாளில் எங்கள் ஆட்கள் செய்ததைச் செய்தார்கள். இறந்தவருக்குக் கோட்டு போட்டு, நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மார்போடு சேர்த்து ஒரு துணியால் முதுகுச் சட்டத்தில் கட்டி, குடும்பத்தைச் சுற்றிலும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பிரதி சைகோனுக்குப் போனது. ஒன்று மாமாவிடம் இருக்கிறது. அதில் எட்டு வயது அம்மா நாற்காலியின் கையில் தன் கையை வைத்தபடி நிற்கிறார். மாமா படத்தில் இல்லை.

ஆனால் நாற்காலி அப்போது ஒன்றல்ல, ஜோடி. ஒரே ஆசாரி ஒரே மாதிரி செய்த இரண்டு. துக்கம் முடிந்த பிறகு அவற்றில் ஒன்றைக் கன்னியாஸ்திரீகள் மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எதைக் கொடுத்தார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி.

அன்று மாலை நான் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து மாமாவுக்கு போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாதோ என்னவோ.

"அது இல்லடா இது" என்றார் அம்மா. "அப்பாவ உக்கார வச்சத மதர்ங்களுக்குக் குடுத்தாச்சு. அவங்களுக்கு அந்தப் பயமெல்லாம் கெடையாது. அதனாலதான் குடுத்தாங்க."

"என்னாக்கா பேசற? செத்தவர உக்கார வச்சத போய் மதர்ங்களுக்குக் குடுப்பாங்களா? நல்லத குடுத்தாங்க. இது நம்மகிட்டயே நின்னுபோச்சு."

"நீ போட்டோவுலயே இல்ல. உனக்கு என்னாடா தெரியும்?"

"போட்டோவுல நின்னவங்க எல்லாம் கேமராவப் பாத்துகினு இருந்தீங்க. நான்தான் வெளிய நின்னு எல்லாத்தயும் பாத்தேன்."

"நாலு வயசுல நீ பாத்தது பிஸ்கோத்து டப்பாவ."

"அதையும்தான் பாத்தேன்."

நான் குறித்துக்கொண்டேன். சாட்சிகள் இருவர். இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. மடத்துக்கு இழவு நாற்காலியைக் கொடுப்பார்கள் என்பதும் நம்பக்கூடியது, கொடுக்க மாட்டார்கள் என்பதும் நம்பக்கூடியது. ஒரு செய்தி இந்த நிலையில் என் மேசைக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எனக்கு அதைவிடப் புரியாமல் போனது வேறொன்று. இது இழவு நாற்காலிதான் என்று அடித்துச் சொல்லும் மாமாவுக்கு அதில் உட்கார ஒரு தயக்கமும் இல்லை. பல வருடம் அதில்தான் செருப்பு மாட்டியிருக்கிறார். இது அதுவல்ல என்று சொல்லும் அம்மாவோ போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கோ" என்றார். எதுக்கும் என்றால்? "அதுவா இருந்தா எனக்கு வேணாம்."

ஆக, அம்மா மறுபடி சலோனுக்கு வருவாரா என்பது எழுபது வருடத்துக்கு முன் ஒரு வீட்டிலிருந்து எந்த நாற்காலி வெளியே போனது என்பதில் வந்து நின்றது.

நெல்லித்தோப்பில் ஒரு குஷன் கடை இருக்கிறது. வாசலில் பைக் சீட் கவர்கள் தொங்கும். உள்ளே எப்போதும் ஒரு சோபா தலைகீழாகக் கிடக்கும். கடையை நடத்துபவர் நாற்பதை ஒட்டிய பெண். மேற்கே ஒரு கிராமத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறார். வீட்டில் நெல்லும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறார்கள். அறுவடை வந்தால் கடைக்குப் பூட்டு. பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து, அங்கே சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். சண்டை எதற்கு என்று கேட்டேன். ஃபோமை வைத்துத் தைத்துவிட்டுக் குதிரை முடி என்று சொல்லி விற்றார்களாம். "குதிரைய பாக்காதவன்கூட உக்காந்தா கண்டுபுடிச்சிடுவான்" என்றார்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அவர் முதலில் சொன்னது: "சீட்டு தனியா கழண்டு வரும்க்கா, பாத்தீங்களா?" இருக்கை நான்கு பட்டை மரத்தாலான ஒரு தனிச் சட்டம். நாற்காலியின் உட்புறப் படியில் அது பெட்டிக்கு மூடிபோல உட்காருகிறது. கீழிருந்து தட்டினால் எழும்பி வரவேண்டும். இது வரவில்லை. ஒரு பக்கம் இறுகிப் பிடித்திருந்தது. மறுபக்கம் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. "ஈரத்துல ஊதியிருக்கு, அந்தப் பக்கம் கொஞ்சம் இழைச்சு விட்டுடறேன்" என்றார்.

அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று, இறந்தவரை உட்கார வைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சொன்னேன். கையில் ஆணி பிடுங்கும் உளியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்க ஊர்ல உக்கார வச்சுதான்க்கா தூக்கிகினு போறது. இருந்தப்ப இருந்த மாதிரியே போவாங்க. அதுக்கென்னா? உங்க அம்மாவுக்குப் பயமா?"

"பயம்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

"அப்ப பயம்தான்" என்று சொல்லி முதல் ஆணியைப் பிடுங்கினார்.

ரெக்சினுக்கு அடியில் பச்சை வெல்வெட் இருந்தது. விளிம்புகளில்தான் பச்சை, நடுவில் நூல் மட்டும். அதற்கடியில் வெள்ளையாக இருந்திருக்கக்கூடிய ஒரு பருத்தித்துணி. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வரிசை ஆணி, ஒவ்வொரு வரிசையும் முந்தையதன் துளைகளைத் தவிர்க்க முயன்று தோற்றிருந்தது. கடைசித் துணியை உரித்தபோது கருப்பாகச் சுருண்ட முடி பந்தாக மேலே எழும்பியது. குதிரை முடி. கீழே தேங்காய் நார், அதற்குக் கீழே சாக்குத்துணி, அதற்கும் கீழே பின்னலாக இழுத்து அடித்த சணல் பட்டைகள். பட்டைகள் தொட்டதும் பொடியாயின. முடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இத தூக்கிப் போட்டுடாதீங்க. பூந்திக்கொட்டையில அலசி வெயில்ல காய வச்சு, பிரிச்சு விட்டா இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும். இப்ப இந்த மாதிரி நீளமான முடி கெடைக்காது" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது வேலையைப் பற்றி. எனக்கு வந்த குழப்பம் வேறு. இறந்தவர் இந்த முடியின் மேல் உட்கார்ந்திருந்தார் என்றால்? அங்கிருந்தே அம்மாவுக்கு போன் செய்தேன்.

"தூக்கிப் போடச் சொல்லு" என்றார் உடனே.

மறுநாள் காலை காபி கொடுக்கப் போனபோது, "அந்த முடிய போட்டுட்டாங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"போடச் சொல்லாத. அது எங்கப்பா காசு குடுத்து வாங்கினது."

மதியம், "புதுசு எதாவது போட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்றார். சாயங்காலம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் அவர் கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதை எடுத்துக்கொண்டேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. முடி கடையின் மொட்டை மாடியில் கொசுவலையில் சுற்றிக் காய்ந்தது. நனைந்த குதிரை வாசனை படிக்கட்டு வரை இறங்கி வந்தது.

மரவேலைக்குக் கடைக்காரர் பசை டின்னைத் தொடவில்லை. வச்சிரத்தை ஊறப்போட்டு, வெந்நீருக்குள் வைத்த சிறு பாத்திரத்தில் உருக்கினார். மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் பழைய பசை அது. காய்ந்தால் கல். சூடான நீர் பட்டால் விட்டுக்கொடுக்கும். "நாளைக்கு இன்னொருத்தர் பிரிக்கணும்னா மரத்த ஒடைக்காம பிரிக்கலாம். அதுக்குத்தான்" என்றார். இடது கையின் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பசை தடவி, கயிற்றைச் சுற்றி ஒரு குச்சியால் முறுக்கி இறுக்கினார்.

கயிறு முறுக்கிய நாற்காலி மல்லாந்து கிடந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். மேலும் சில படங்கள் எடுக்கக் குனிந்தேன். வாசல் வெளிச்சம் முன்சட்டத்தின் உட்புறத்தில் சாய்வாக விழுந்தது. அங்கே உளியால் வெட்டிய ஒரு கோடு தெரிந்தது. கீறல் அல்ல, வேண்டுமென்றே ஒரே வெட்டாக வைத்த கோடு. அவர் தட்டிக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்த இருக்கைச் சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். பட்டைகள் போன இடத்தில், அழுக்குக்கு அடியில், அதே மாதிரி வெட்டு. இரண்டு கோடு.

கடைக்காரரிடம் காட்டினேன். எச்சில் தொட்டு அழுக்கைத் துடைத்துவிட்டு, இரண்டு வெட்டையும் விரலால் மாறிமாறித் தடவினார்.

"ஜோடின்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா."

"கையில செய்யற சாமான் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுக்கா. பாக்க ஒண்ணா இருக்கும், அளவு நூலளவு மாறும். அதனால ஒவ்வொரு சீட்டையும் அதது நாற்காலிக்குன்னு இழைச்சு, மாறிடக் கூடாதுன்னு ரெண்டுலயும் ஒரே நம்பர வெட்டிடுவாங்க. இங்க நாற்காலி ஒண்ணு. சீட்டு ரெண்டு."

"அப்படின்னா?"

"மாறிப்போச்சு. ஒரு பக்கம் புடிச்சு ஒரு பக்கம் லூசா இருந்தது அதனாலதான். நான் ஊதிப்போச்சுன்னு நெனச்சுகினு இழைக்க இருந்தேன், பாருங்க." தன் மீதே எரிச்சல்பட்டு இழைப்புளியைத் தூர வைத்தார்.

எப்படி மாறியிருக்கும் என்பதற்கு அம்மாவிடம் உடனே பதில் இருந்தது. "மூட்டப்பூச்சி" என்றார். "கோடைக்கு கோடை ரெண்டு சீட்டையும் கழட்டி மாடியில வெயில்ல போடுவோம். நாற்காலி சந்துல கொதிக்கிற தண்ணி ஊத்துவோம். சாயங்காலம் யாரு கையில எது கெடைச்சதோ அத எடுத்துகினு வந்து போட்டுடறது. நம்பரு இருக்குதுன்னு யாரு கண்டா?"

படுக்கையில் இருந்தபடியே அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப இதுல பாதி அந்த நாற்காலியோடது."

"பாதி இதோடது, பாதி அதோடது. ஆமா."

"எந்தப் பாதி?"

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். இருக்கை மாறியது மரணத்துக்கு முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் அன்றே மாறிய இருக்கைதான் நாற்காலியில் இருந்தது. அப்படியானால் இதில் முழுவதும் இழவு சம்பந்தப்பட்டது, அல்லது எதுவுமே சம்பந்தப்படாதது. பின்னால் என்றால் பாதிதான். அந்தப் பாதி, அவரைக் கட்டிய சட்டமா, அவர் உட்கார்ந்த மெத்தையா? ஒவ்வொரு கேள்வியும் இரண்டாகப் பிரிந்தது. நாலு அம்புக்குறி போட்டதும் தாளை மடித்துவிட்டேன். அந்தப் படத்தையும் மாமாவிடமிருந்து வாங்கி உருப்பெருக்கியில் பார்த்தேன். கையின் சுருள் முனை தெரிகிறது, ஒரு முன்கால் தெரிகிறது. இருக்கை இருக்கும் இடத்தில் அவர் இருக்கிறார்.

"ரெண்டும் கெட்டானா இருக்குது" என்று முடித்தார் அம்மா. "எனக்கு வேணாம். நீயே வச்சுக்கோ."

வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரரும் நிறுத்தியிருக்க மாட்டார். புதிய சணல் பட்டையை ஒரு முனையில் அடித்து, கட்டை ஒன்றால் நெம்பி, விரலால் சுண்டினால் தவில்போல ஒலிக்கும் வரை இழுத்து மறுமுனையை அடித்தார். குறுக்காக ஒன்று மேல் ஒன்று கீழ் எனப் பின்னினார். அதன்மேல் சாக்குத்துணி, நூல் வளையங்கள், வளையங்களுக்குள் நார். அதன்மேல் முடியைச் சிறு கைப்பிடிகளாகச் சொருகி, பஞ்சு மாதிரி விரல்களால் பிரித்துக்கொண்டே போனார். உட்காருபவரின் எடையைத் தாங்குமா என்று உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். அதிகம் போட்டாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. "உங்க அம்மா எவ்ளோ இருப்பாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஆபரேஷனுக்கு அப்புறம் எளைச்சிருப்பாங்களே" என்று ஒரு பிடியை எடுத்தார். "திரும்பத் தேறிடுவாங்க" என்று பாதியைத் திரும்ப வைத்தார்.

மேல்துணிக்கு அம்மாவிடம் கேட்கவேண்டியிருந்தது. வேண்டாத நாற்காலிக்கு எந்தத் துணி வேண்டும் என்று கேட்பது எப்படி என்று தெரியாமல், மூன்று துண்டுகளைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போனபோது இரண்டு கீழே கிடந்தன. அடர் நீலக் கைத்தறி கையில் இருந்தது. "இது அழுக்கு தெரியாது" என்றார்.

மரத்துக்கு மெருகேற்ற, கடைக்காரர் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் சுற்றிய பஞ்சால் மெல்லிய பூச்சாகப் பல நாள் ஏற்றினார். கடைசியில், இருக்கையின் தளர்ந்த பக்கத்தில் மெல்லிய தோல் பட்டை ஒன்றை ஒட்டி இடைவெளியை நிரப்பினார். இறுகிய பக்கத்தை இழைக்கவில்லை. "அடுத்தவன் சீட்டு இது. என்னிக்காச்சும் அவன் நாற்காலி கெடைச்சா போய் உக்காரணும் இல்ல" என்றார். அந்த நாற்காலி எப்படிக் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. மடத்தில் ஏற்கனவே விசாரித்திருந்தேன். பழைய சாமான்கள் எப்போதோ போய்விட்டனவாம்.

நாற்காலி சலோனுக்கு வந்தது. ஜன்னலோரம் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, "ராஜா வீட்டு நாற்காலி மாதிரி இருக்குது" என்று சுற்றி வந்து பார்த்தார், ஆனால் உட்காரவில்லை. செய்தி எப்படியோ அவருக்கும் போயிருந்தது. நானும் உட்காரவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொண்டேன். இருந்தும் செய்தித்தாளைப் படிக்கச் சோபாவுக்குத்தான் போனேன். பிசியோதெரபிஸ்ட் மட்டும் அளவுகோலை வைத்து உயரம் பார்த்துவிட்டு, "இதுதான் வேணும். ஏன் இன்னும் கட்டில்லயே இருக்காங்க?" என்றார். முட்டி மடங்கும் அளவு போன வாரத்தைவிடக் குறைந்திருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வந்தார். கையில் கேக் பொட்டலம். நேராக சலோனுக்குள் போய் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார்.

"அடேங்கப்பா! நம்ம வீட்டுல இருந்தப்ப இது இப்படி இல்லையே. திருப்பி எடுத்துகினு போயிடலாம்போல இருக்குதே!" என்று பின்னறைக்குக் கேட்கும்படி சொன்னார்.

பின்னறையில் வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் உராயும் சத்தம் கேட்டது. நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் அம்மா கூடத்தைத் தாண்டி சலோன் வாசலுக்கு வந்துவிட்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவ்வளவு தூரம் அவர் நடந்தது அதுதான் முதல் தடவை.

"எழுந்திருடா."

"ஏன்க்கா? உனக்குத்தான் வேணாமே."

"எனக்கு வேணாம்னா உனக்குன்னு அர்த்தமா? மாடிப்படிக்குக் கீழ செருப்போட செருப்பா போட்டு வச்சிருந்தவன் நீ."

"அதுல நம்ம அப்பா உக்காந்தாருக்கா. நான் உக்காந்தா என்ன?"

"இதுல உக்காரல."

"இதுலதான்."

"பாதிதான்டா! இவகிட்ட கேளு. பாதிதான்."

எந்தப் பாதி என்று மாமா என்னைப் பார்த்தார். தெரியாது என்று தலையசைத்தேன். அவர்கள் அந்த நாளைப் பற்றிச் சண்டை போட்டார்கள். கோட்டு கருப்பா பழுப்பா, சவப்பெட்டி எங்கே வைத்திருந்தது, யார் அழுதார், யார் அழவில்லை. ஒன்றில்கூட ஒத்துப்போகவில்லை. அம்மா வாக்கரைப் பிடித்தபடி நின்றுகொண்டே பேசினார். சற்று நேரத்தில் வாக்கர் லேசாக நடுங்க ஆரம்பித்தது. மாமா அதைப் பார்த்தார். பேச்சை நிறுத்தாமலே எழுந்து தள்ளி நின்றார்.

"உக்காருக்கா."

"உன் சூடு இருக்கும். ஆறட்டும்."

"ஃபேன் போடறேன், சீக்கிரம் ஆறும்."

கட்டில் கூடத்துக்கு அப்பால் இருந்தது. சோபா தாழ்வு. அம்மா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தபடியே, கால்களின் பின்பக்கம் இருக்கையைத் தொடும்வரை பின்வாங்கி, இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைகளைப் பிடித்து, மெதுவாக இறங்கினார். கண்ணை மூடியிருந்தார். வலியாலா, வேறு எதாலாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

"ஆடுது" என்றார் அம்மா.

"என்னது?"

"சீட்டு. இப்படிச் சாஞ்சா டக்குனு ஆடுது." இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக் காட்டினார். உண்மைதான். தோல் பட்டையையும் மீறி மிகச் சிறிய அசைவு இருந்தது. "அன்னிக்கு ஆடல."

"என்னிக்கும்மா?"

"அப்பாவ உக்கார வச்ச அன்னிக்கு. துளி அசைஞ்சாலும் படம் கலங்கிடும்னு சொல்லித்தான் என் கைய நாற்காலி மேல வச்சுப் புடிக்கச் சொன்னாங்க. புடிச்சுகினே இருந்தேன். ஆடவே இல்ல."

நான் மாமாவிடம் வாங்கிய படத்தைக் கொண்டுவந்து மறுபடி பார்த்தேன். இறந்தவரின் முகம் கூர்மையாக விழுந்திருந்தது, மீசையின் முடி எண்ணலாம். அன்று இருக்கை ஆடவில்லை என்றால் அதனதன் நாற்காலியில் அதனதன் இருக்கை இருந்திருக்கிறது. மாறியது அதற்குப் பிறகு ஏதோ ஒரு கோடையில். அப்படியானால் இதில் சரியாகப் பாதி அன்றைய நாற்காலி. சட்டமோ மெத்தையோ, ஏதோ ஒன்று. இதை அவர்களிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. துணியால் இறுக்கிக் கட்டிய உடல் ஆடும் இருக்கையிலும் அசையாமல் இருந்திருக்கலாம். எட்டு வயதுக் கை எழுபது வருடம் கழித்துச் சொல்லும் சாட்சியை நான் எந்தப் பக்கத்தில் போட்டிருப்பேன்?

"பாத்தியா, நான் சொன்னது சரி" என்றார் மாமா.

"நான் சொன்னதும்தான்" என்றார் அம்மா. "அந்தப் பொண்ணுக்கு போன் போடு."

ஞாயிறு என்றாலும் கடைக்காரர் எடுத்தார். பின்னணியில் டிராக்டர் சத்தம். இருக்கை ஆடுவதைச் சொன்னேன்.

"ஆடத்தான் செய்யும்க்கா. அது இதோட சீட்டு இல்ல. அம்மாவுக்கும் சங்கடமா இருந்துச்சுன்னா, நாற்காலிக்கு அளவா புது சீட்டு ஒண்ணு செஞ்சு போட்டுடறேன். மெத்தை, முடி எல்லாம் புதுசு. பழச எடுத்துடலாம். யோசனையே வேணாம்."

குழப்பத்தில் பாதியை ஒரேயடியாகத் தீர்க்கும் யோசனை அது. ஒலிபெருக்கியில் இருந்ததால் அம்மாவும் கேட்டார்.

"வேணாம்மா" என்றார் போனைப் பார்த்து. "எடுக்காத. இதுவே இருக்கட்டும். அந்தப் பக்கம் இன்னொரு தோலு வச்சுக் குடு, போதும்."

"சரிம்மா. நாளைக்கு வரேன். நீங்க அதுலயே உக்காந்திருங்க, எடை வச்சுப் பாத்தாதான் எவ்ளோ தடிமன் வேணும்னு தெரியும்."

"வேற எங்க போறேன்" என்றார் அம்மா.

மாமா கேக்கைப் பிரித்தார். நான் அம்மாவின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, ஏன் வேண்டாம் என்று கேட்டேன். எந்தப் பாதி என்று தெரியாததாலா? தெரிந்துவிட்டதாலா? அவர் சோபாவில் தாழ்ந்து உட்கார்ந்திருந்த என்னை மேலிருந்து பார்த்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

"இங்க காத்து வருது" என்றார்.